கவிழ்த்த பாத்திரம் உண்ணாவிரதம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மியான்மர் ராணுவ ஆட்சியைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த நாட்டைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதுவோர் குறைவு. ஆகவே முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. சிறு பிழையாகத் தோன்றினாலும், கட்டுரை சென்றடையும் முடிவே அதன் மீதுதான் நிற்கிறது. 2007 செப்டம்பரில் பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வீதியில் நடந்ததை ‘உண்ணாவிரதம்’ என்று கட்டுரையாளர் குறிப்பிடுகிறார். பட்டினி கிடந்தும் கருணை ஓதியும் துப்பாக்கியை வெல்ல முடியாது என்பதை அந்த மக்கள் அன்றே தெரிந்துகொண்டார்கள் என்று முடிக்கிறார். அந்தப் பிக்குகள் பட்டினி கிடக்கவில்லை. ரங்கூனின் ஏழைத் தெருக்களில் பெண்கள் கொடுத்த சோற்றை அவர்கள் எப்போதும்போல வாங்கி உண்டார்கள். ராணுவத்தாரும் அவர்கள் குடும்பத்தாரும் கொடுத்ததை மட்டும் வாங்க மறுத்தார்கள். இந்த வேறுபாடு புரிந்தால், அந்த நாட்டில் கருணை என்ற சொல் எப்படி ஓர் அரசியல் செயலாக மாறியது என்பதும் புரியும்.

(மியான்மரைப் பர்மா என்றே எழுதுகிறேன். பெயரை மாற்றியது 1989இல் ராணுவ அரசு. அந்த மண்ணில் பிறந்த எங்கள் வீட்டில் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.)

பாத்திரம் கவிழ்த்தல் பிக்குகள் 2007இல் கண்டுபிடித்த போராட்ட உத்தி அன்று. பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதிகளிலேயே உள்ள நடைமுறை. பாலி மொழியில் அதற்குப் ‘பத்த நிக்குஜ்ஜன கம்மம்’ என்று பெயர். சங்கத்துக்குக் கேடு சூழ்ந்த, பிக்குகளை இழித்துரைத்த இல்லறத்தான் ஒருவனைப் பற்றிச் சங்கம் கூடிப் பேசி, காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, இனி அவன் கையால் எதுவும் பெறுவதில்லை என்று முடிவு செய்யும். வட்டன் என்ற லிச்சவி குலத்தான் குற்றமற்ற பிக்கு ஒருவர் மீது பொய்ப் பழி சுமத்தியபோது புத்தர் காலத்திலேயே இது செய்யப்பட்டதாகச் சங்க விதிநூல் சொல்கிறது. செய்தியைக் கேட்டதும் வட்டன் மயங்கி விழுந்தானாம். பின்பு தன் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க, சங்கம் மறுபடி கூடிப் பாத்திரத்தை நிமிர்த்தியது.

சோறு வாங்க ஆள் வரவில்லை என்பதற்காக ஒருவன் மயங்கி விழுவானா என்று என் மாணவிகள் கேட்டிருப்பார்கள். பிக்குவுக்கு இடும் சோறு தர்மம் என்று நாம் நினைக்கிறோம்; பர்மியர் நினைப்பு வேறு. பிக்கு சோறு வாங்குகிறார், இட்டவர் புண்ணியம் வாங்குகிறார். வாங்குபவர் பாத்திரத்தை மூடிவிட்டால் இடுபவருக்குப் புண்ணியத்தின் வழியே அடைபட்டுப் போகிறது. தமிழாசிரியையாக முப்பது ஆண்டுக்கு மேல் மணிமேகலையைப் பாடம் நடத்தியவள் நான். பாத்திரம் என்றதும் எனக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிதான் நினைவுக்கு வரும். அது கொடுக்கும் பாத்திரம். பர்மியப் பிக்குகளின் கையில் இருந்ததோ ஏற்கும் பாத்திரம். ஏற்க மறுத்தபோதுதான் அதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்று ஆண்டவர்களுக்குத் தெரிந்தது. நம் ஊர்களில் ஊர்விலக்கு என்றொன்று இருக்கிறது. அது பெரும்பாலும் வலுத்தவர் கூடி எளியவரைத் தள்ளிவைப்பது. தண்ணீரையும் தீயையும் மறுப்பது. பாத்திரம் கவிழ்த்தல் அதற்கு நேர்மாறு. இரந்து உண்பவர்கள் ஆள்பவர்களை விலக்குகிறார்கள். மன்னிப்புக் கேட்டால் அன்றே ஏற்றுக்கொள்வோம் என்ற வாசலையும் திறந்து வைக்கிறார்கள். கருணை அதில் இருப்பது அந்த வாசலில்தான்.

2007இல் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று ராணுவ அரசு முன்னறிவிப்பின்றி எரிபொருள் மானியத்தை நீக்கியது. டீசல் விலை இரண்டு மடங்கானது. பேருந்துகள் பயன்படுத்திய இயற்கை எரிவாயு ஐந்து மடங்கானது. வேலைக்குப் போகப் பேருந்துக் கட்டணம் கொடுக்க முடியாமல் மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 எழுச்சியில் பங்கேற்ற முன்னாள் மாணவர் தலைவர்கள் முதலில் தெருவில் இறங்கிக் கைதானார்கள். செப்டம்பர் 5 அன்று பக்கொக்கு நகரில் ஊர்வலம் வந்த பிக்குகளை ராணுவத்தார் அடித்தார்கள். (மறுநாள் அங்கே பிக்குகள் அதிகாரிகளைச் சில மணி நேரம் மடத்துக்குள் அடைத்து வைத்ததும், அவர்கள் வந்த வாகனங்கள் எரிக்கப்பட்டதும் உண்டு, அதை மறைத்துவிட்டு அவர்களைத் தேவர்களாக்க எனக்கு விருப்பமில்லை.) அதன் பிறகு பிக்குகளின் கூட்டமைப்பு நான்கு கோரிக்கைகளை வைத்தது: சங்கத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், விலைவாசியைக் குறைக்க வேண்டும், அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும், ஜனநாயக சக்திகளோடு பேச வேண்டும். கெடு செப்டம்பர் 17. மன்னிப்பு வரவில்லை. 18ஆம் தேதி பாத்திரங்கள் கவிழ்ந்தன.

அன்றிலிருந்து அவர்கள் ஊர்வலங்களில் ஓதியது மைத்ரி சூத்திரம். ஒரு தாய் தன் ஒற்றை மகனை உயிரைக் கொடுத்தும் காப்பதுபோல எல்லா உயிர்கள் மீதும் எல்லையற்ற அன்பை வளர்க்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். செப்டம்பர் 22 அன்று கொட்டும் மழையில் அதை ஓதிக்கொண்டு பல்கலைக்கழக நிழற்சாலைக்கு நடந்தார்கள். அங்கே வீட்டுக்காவலில் இருந்த ஜனநாயக இயக்கத் தலைவர் ஆங் சான் சூ கி வாசல் வரை வந்து கைகூப்பி நின்றார். 24ஆம் தேதி ரங்கூனில் மட்டும் ஒரு லட்சம் பேர் திரண்டதாக மதிப்பிட்டார்கள். காவி உடுத்தவர்கள் நடுவில் நடக்க, பொதுமக்கள் இருபுறமும் கைகோத்து வேலிபோல நின்றார்கள். பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களைப் பாடத்தைக் கேட்டவர்கள் காத்தார்கள் என்று சொல்லலாம். 26ஆம் தேதி முதல் சுட்டார்கள். இரவுகளில் மடங்களுக்குள் புகுந்து பிக்குகளை இழுத்துச் சென்றார்கள். 27ஆம் தேதி ஜப்பானியச் செய்தியாளர் கென்ஜி நாகாய் கேமராவோடு சுடப்பட்டு விழுந்ததை உலகம் பார்த்தது. குறைந்தது 31 பேர் இறந்ததாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பின்னர் தெரிவித்தார். முன்னணியில் நின்ற உ கம்பீரா என்ற இளம் பிக்குவுக்கு 68 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2012 ஜனவரியில்தான் அவர் வெளியே வந்தார்.

தோற்றுவிட்டார்களே என்றுதான் கட்டுரையாளர் கேட்கிறார். துப்பாக்கி அன்று வென்றது என்பதை நான் மறுக்கவில்லை. கேட்க விரும்புவது இது: வெறும் ஓதுதலுக்கு அவ்வளவு அஞ்சியது ஏன்? 1990இலும் இதே நடந்தது. மண்டலேயில் ஆகஸ்ட் 8 அன்று ராணுவம் சுட்ட பிறகு பிக்குகள் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். ராணுவக் குடும்பங்களின் சடங்குகளுக்குப் போக மறுத்தார்கள். அக்டோபரில் ராணுவம் மடங்களைச் சோதனையிட்டுப் பலரைச் சிறையில் தள்ளியது. அந்தத் தளபதிகளுக்கு மக்கள் வாக்கு கிடையாது. 1990 தேர்தலில் போட்டி நடந்த 485 இடங்களில் 392 இடங்களை எதிர்க்கட்சி வென்றது. முடிவை ராணுவம் ஏற்கவே இல்லை. வாக்கு இல்லாதவர்கள் தங்கள் ஆட்சிக்கு நியாயம் தேடிய இடம் விகாரை. தளபதிகள் பிக்குகளுக்குத் தானம் வழங்கும் காட்சியை அரசுத் தொலைக்காட்சி ஓயாமல் காட்டும். நேப்பிடோ என்ற புதிய தலைநகரில் ரங்கூனின் புகழ்பெற்ற பௌத்தக் கோபுரமான ஷ்வேடகோனைப் போலவே ஒரு கோபுரம் எழுப்பினார்கள். 2021இல் ஆட்சியைக் கவிழ்த்த தளபதி மின் ஆங் ஹ்லாயிங் 2023 ஆகஸ்டில் அதே ஊரில் மாபெரும் பளிங்குப் புத்தர் சிலையைத் திறந்து வைத்தார். அதன் பெயர் மாரவிஜயம், அதாவது தீமையின் மீதான வெற்றி. இவ்வளவு செலவில் வாங்கிய புண்ணியத்தைச் சல்லிக்காசு இல்லாத ஒருவர் பாத்திரத்தைக் கவிழ்த்தே இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்றால், அச்சம் வராமல் என்ன செய்யும்?

2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நடந்ததைத்தான் கட்டுரை அவசரமாகக் கடந்து போகிறது. இந்த முறை பிக்குகள் முன்னணியில் இல்லை. மண்டலேயில் நடந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் மூத்த துறவிகள் பலர் மௌனம் காத்தார்கள், சிலர் தளபதிக்கு அருகிலேயே நின்றார்கள். பாத்திரம் கவிழ்க்கும் வேலையை இல்லறத்தார் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். முதலில் அரசு மருத்துவர்களும் செவிலியர்களும் வேலைக்கு வர மாட்டோம் என்றார்கள். பின்னர் ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள், வங்கி ஊழியர்கள். ஏராளமானோர் மின்கட்டணம் கட்டாமல் நிறுத்தினார்கள். ராணுவத்துக்குப் பங்குள்ள நிறுவனத்தின் பீரைக் கடைக்காரர்கள் அலமாரியிலிருந்து இறக்கினார்கள். அந்த நிறுவனத்தின் ஜப்பானியப் பங்குதாரர் சில நாட்களிலேயே கூட்டை முறித்துக்கொள்வதாக அறிவித்தார். இரவு எட்டு மணிக்கு வீடுதோறும் பாத்திரங்களைத் தட்டினார்கள். பேயை விரட்ட அங்கே காலங்காலமாக அப்படித் தட்டுவது வழக்கம். அடுக்களைப் பாத்திரம் தட்டப்பட்ட ஓசையைக் கேட்டபோது, பிக்குவின் பாத்திரமும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. உன் கையிலிருந்து வாங்கமாட்டோம், உனக்குக் கொடுக்கவும் மாட்டோம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் ஓர் எண் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அந்த ஆண்டு மே மாதத்துக்குள் 1,25,000க்கும் அதிகமான பள்ளி ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாக அவர்களின் சங்கம் அறிவித்தது. நாட்டில் மொத்தம் நான்கு லட்சத்துச் சொச்சம் ஆசிரியர்கள்தான். ஒரு மாதச் சம்பளம் தாமதமானால் வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் சம்பளமும் ஓய்வூதிய உரிமையும் போகும் என்று தெரிந்தே ஒன்றேகால் லட்சம் பேர் கரும்பலகையைத் துறப்பது தனிமனித வீரத்தால் மட்டும் நடக்கிற காரியம் அன்று. அவர்கள் வீட்டு அரிசிப் பானையை யாராவது நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பினார்கள். தெருவில் மேசை போட்டு, முடிந்தவர் வைத்துச் செல்லவும் வேண்டியவர் எடுத்துச் செல்லவும் காய்கறியும் எண்ணெயும் வைத்தார்கள். ரங்கூனில் மஹ்லவாகோன் ரயில்வே குடியிருப்பை மார்ச் மாதத்தில் படைகள் சுற்றி வளைத்து, வேலைநிறுத்தம் செய்தவர்களின் குடும்பங்களை வெளியேற்றியபோது, அக்கம்பக்கத்தார் வந்து தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்து தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். வேலைநிறுத்தம் செய்த மருத்துவர்கள் தர்ம மருத்துவமனைகளில் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார்கள். தானம் என்ற பழைய பழக்கம் விகாரையின் வாசலிலிருந்து எதிர்ப்பாளரின் அடுப்படிக்கு இடம் மாறியது; ஒற்றுமை என்று நாம் மேடையில் சொல்வது அங்கே அரிசியாகவும் எண்ணெயாகவும் இருந்தது.

ஆயுதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிப்ரவரி 9 அன்று நேப்பிடோவில் தலையில் சுடப்பட்ட மியா த்வே த்வே காயிங் பத்து நாட்கள் கழித்து இறந்தார், இருபது வயது. மார்ச் 3 அன்று மண்டலேயில் கியால் சின் சுடப்பட்டபோது, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய சட்டையை அணிந்திருந்தார், பத்தொன்பது வயது. அரசியல் கைதிகளுக்கான உதவிச் சங்கத்தின் கணக்குப்படி கொல்லப்பட்டோர் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டனர். இடம்பெயர்ந்தோர் முப்பது லட்சத்துக்கும் மேல் என்கிறது ஐ.நா. காட்டுக்குப் போய்த் துப்பாக்கி ஏந்திய இளைஞர்களைப் பார்த்து, கருணையை மறந்துவிட்டீர்களே என்று வியாசர்பாடியில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் படைகளும் நிற்பது, வரி கட்ட மறுத்து, சோறு கட்டிக் கொடுத்து, ஒளிய இடம் தரும் மக்களின் மீதுதான். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் சகாயிங், மண்டலே பகுதிகள் இடிந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வெறுங்கையால் செங்கல்லைப் புரட்டி உயிர்களை மீட்டவர்கள் அக்கம்பக்கத்தார். அந்த நாட்களிலும் ராணுவ விமானங்கள் குண்டு போடுவதை நிறுத்தவில்லை.

இனி எனக்குச் சொல்லக் கடினமான பகுதி. நான் பிறந்தது ரங்கூனில். 1962இல் ஆட்சியைப் பிடித்த நெ வின், கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கினார். 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார். அப்பா ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மண்டி போனது, சேமிப்பும் போனது, லட்சக்கணக்கான இந்தியரைப் போல நாங்களும் கப்பலேறினோம். புறப்பட்ட அன்று எதிர்வீட்டு பர்மியப் பெண்மணி வாழையிலையில் சோறு கட்டிக் கொடுத்து அழுததை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சோற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அம்மாவும் அந்தத் தெருவில் விடியற்காலையில் வரிசையாக வரும் பிக்குகளுக்குத் தவறாமல் அன்னம் இட்டவர்தான். எங்களுக்காக ஒரு பாத்திரம் கவிழ்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1938இல் இந்தியருக்கு எதிராக நடந்த கலவரங்களில் பிக்குகளே பங்கேற்றார்கள் என்பதும் வரலாறு. ஒருத்தியின் இரக்கம் எங்களுக்கு ஒரு வேளைச் சோறானது. ஊர் கூடியிருந்தால் ஒருவேளை கப்பல் ஏறாமலே இருந்திருப்போம்.

கருணை யார்வரை செல்கிறது என்ற கேள்வி எல்லாளன் காலத்திலிருந்தே நம்மைத் தொட்டு நிற்கிறது. எல்லாளனின் படையை அழித்த துட்டகைமுனு இத்தனை உயிரைக் கொன்றோமே என்று கலங்கியபோது, கொல்லப்பட்டவர்களில் ஒன்றரைப் பேர்தான் மனிதர்கள், மற்றவர்கள் பௌத்தத்தைச் சாராத விலங்குக்கு ஒப்பானவர்கள் என்று ஞானம் பெற்ற துறவிகளான அருகதர்கள் ஆறுதல் சொன்னதாக இலங்கையின் பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் எழுதுகிறது. அந்தக் கதையை 2017 அக்டோபர் 30 அன்று, காயின் மாநிலப் படைமுகாமில், பர்மாவின் பெருமதிப்புக்குரிய சீத்தகு சாயாடோ ராணுவ அதிகாரிகள் முன்னிலையில் எடுத்துச் சொன்னார். ராக்கைன் மாநிலத்து முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்யா மக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்குத் துரத்தப்பட்டுக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அன்று பெரும்பான்மைப் பர்மியர் வாய் திறக்கவில்லை. பலர் ராணுவத்தை மெச்சினார்கள். 2019 டிசம்பரில் ஆங் சான் சூ கியே தி ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் ராணுவத்தின் தரப்பை எடுத்துரைத்தார். பதினான்கு மாதங்களில் அதே ராணுவம் அவரைச் சிறைப்பிடித்தது.

2021இல் உண்மையிலேயே புதிதாக நடந்தது இதுதான் என்பேன். தங்கள் தெருவில் சுடப்பட்ட பிறகு, பெரும்பான்மை இனத்து இளைஞர்கள் பலர் சமூக ஊடகங்களில் ரோஹிங்யா மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். ஜூன் 13 அன்று கருப்பு உடை அணிந்து படம் வெளியிட்டார்கள். எதிர்ப்பாளர்கள் அமைத்த தேசிய ஒற்றுமை அரசு அதே மாதத்தில் ரோஹிங்யா என்ற பெயரையே எழுதி, அவர்களுக்கு நீதியும் குடியுரிமையும் வழங்குவதாக அறிவித்தது. தாமதமான மன்னிப்புதான், எல்லாரும் கேட்டதும் இல்லை, ராக்கைன் மாநிலத்தில் ரோஹிங்யா மக்கள் இன்றும் பாதுகாப்பாக இல்லை. ஆனாலும் வட்டன் கதையில் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அதிகாரம் உடையவன். இங்கே மிதிபட்டவர்களே தங்களைவிட மிதிபட்டவர்களிடம் கேட்டார்கள். அறுபது ஆண்டுக்கு முன் அந்தத் தெருவை விட்டு வந்தவளுக்கு அதைப் படித்தபோது கண் கலங்கியதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் நாட்டுக்கும் ஒரு பாத்திரம் இருக்கிறது. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்தியாவிலிருந்து 5.1 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் அவை சார்ந்த பொருள்களும் பர்மிய ராணுவத்துக்குச் சென்றதாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023 மே மாதத்தில் எழுதினார். மிசோரமை அடுத்த பர்மியப் பகுதியிலிருந்து எல்லை தாண்டி வந்த சின் இன மக்களை உள்ளே விடக்கூடாது என்று 2021 மார்ச்சில் மத்திய உள்துறை நான்கு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியபோது, மிசோரம் முதலமைச்சர் இவர்கள் எங்கள் இரத்த உறவு என்று பிரதமருக்கு எழுதி இடம் கொடுத்தார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தச் சிறிய மாநிலத்தின் தேவாலயங்களும் இளைஞர் சங்கங்களும் அரிசி திரட்டின. அவர்கள் பௌத்தர்கள் அல்லர், கிறிஸ்தவர்கள். கருணைக்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை. தமிழகத்துக்கும் அந்த எல்லைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் மணிப்பூரின் மோரே நகருக்குப் போய்ப் பார்க்கலாம். பர்மாவுக்கே நடந்து திரும்பிவிட முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டுத் தங்கிவிட்ட தமிழர்கள் அங்கே அங்காளபரமேசுவரிக்குக் கோயில் கட்டி வாழ்கிறார்கள். 2022 ஜூலையில் எல்லைக்கு அப்பால் தமு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் அந்த ஊர்த் தமிழர் இருவரும் உண்டு.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. பர்மிய ராணுவத்துக்கு இந்தியாவிலிருந்து ஆயுதமும் உதிரிப் பொருள்களும் போகக்கூடாது என்று தமிழகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் கேட்க வேண்டும். அகதிகளுக்கென ஒரு சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை என்பதை, இலங்கைத் தமிழர் முகாம்களை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் நாம் சின் மக்களுக்காகவும் ரோஹிங்யாக்களுக்காகவும் சேர்த்தே பேச வேண்டும். மூன்றாவது தங்களிடம்: உண்ணாவிரதம் என்று அச்சிட்டதற்கு அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அவர்கள் மறுத்தது சோற்றை அன்று, அதைக் கொடுத்த கையை என்று இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ரங்கூனில் பிறந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வியாசர்பாடி, சென்னை.